வீட் ஷெல் நாட்குறிப்பு: நிரம்பிப்போன மூன்றாவது சர்வர்

மார்ச் 3

பழைய கோப்புகளைக் கொத்தாக அழித்தாயிற்று. மூன்றாவது சர்வரின் டிஸ்க்கில் ஒரு எம்பிகூடக் குறையவில்லை. நாங்கள் கோப்புகளைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கப் பயன்படுத்தும் சீவீட்எஃப்எஸ் மென்பொருள் இப்படித்தான். கோப்புகள் தனித்தனியாக டிஸ்க்கில் கிடப்பதில்லை. ஆயிரக்கணக்கானவை ஒரே டாட் (.dat) ஃபைலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் கிடக்கின்றன. அதற்குப் பெயர்தான் வால்யூம். 2010-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஹேஸ்டாக் ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்த யோசனை. இங்கே அழிப்பதும் ஒரு எழுத்துவேலைதான்: ஃபைலின் கடைசியில் 'இது செத்துவிட்டது' என்று ஒரு சிறு பதிவு சேர்கிறது. ஆக, அழித்தால் ஃபைல் கொஞ்சம் வளரத்தான் செய்யும்.

மார்ச் 4

சீவீட்எஃப்எஸ்ஸுக்குக் கட்டளை கொடுக்கும் வீட் ஷெல்லைத் திறந்து முதலில் லாக் (lock, பூட்டு) போட்டேன். லாக் இல்லாமல் எதையும் மாற்ற ஷெல் விடாது. எந்த வால்யூம் எங்கே என்று கணக்கு வைக்கும் தலைமைச் சர்வரான மாஸ்டரின் பராமரிப்பு ஸ்கிரிப்டுகள், நிறுவும்போது வரும் கணக்குப்படி, 17 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். நான் கை வைக்கும் நேரத்தில் அவையும் கை வைத்தால் வம்பு.

வால்யூம்.லிஸ்ட் கொடுத்தால் ஒவ்வொரு வால்யூமுக்கும் ஒரு நீள வரி. நான் பார்ப்பது மூன்றே இடம்: மொத்த அளவு, அழிந்த பைட்டுகள், ரீட்-ஒன்லியா (படிக்க மட்டுமா) இல்லையா. 17-ஆம் வால்யூமில் பாதிக்கு மேல் குப்பை. குப்பை மொத்தத்தில் 0.3 பங்கைத் தாண்டினால் மாஸ்டரே வேக்யூம் செய்ய (அழிந்ததை விலக்கி இடத்தை மீட்க) வேண்டுமே, ஏன் செய்யவில்லை? அதே வரியில் விடை இருந்தது: ரீட்-ஒன்லி. டிஸ்க்கில் காலியிடம் 1 சதவீதத்துக்குக் கீழே போனால் சர்வர் தன் வால்யூம்களைப் பூட்டிவிடும். பூட்டிய வால்யூமைத் தானியங்கி வேக்யூம் தொடாது. இடமில்லாததால் பூட்டு, பூட்டியதால் இடமில்லை. நல்ல முடிச்சு!

மார்ச் 5

வால்யூம்.பேலன்ஸ் ஓட்டினேன். ஃபோர்ஸ் சேர்க்காதவரை அது எதையும் நகர்த்தாது, எதை எங்கே அனுப்பும் என்று மட்டும் சொல்லும். இன்று ஒன்றும் சொல்லவில்லை. அதன் பார்வையில் எல்லாம் சமம். காரணம், எங்களிடம் உள்ள பதிப்பில் அது பார்ப்பது பைட்டுகளை அல்ல, ஒரு சர்வரில் எத்தனை வால்யூமுக்கு இடம், அதில் எத்தனை உட்கார்ந்திருக்கிறது என்பதை. தளும்பும் 30 ஜிபி வால்யூமும் நேற்றுப் பிறந்த வெற்று வால்யூமும் அதற்கு ஒன்றுதான். பேலன்ஸை நம்பி டிஸ்க் அளவைப் பார்க்காமல் இருப்பவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ஆகவே வால்யூம்.மூவ், கையால். எதை நகர்த்துவது? குப்பை நிறைந்ததை நகர்த்தத்தான் முதலில் கை போகும். நான் குப்பையே இல்லாத, நிறைந்த வால்யூம்களை எடுத்தேன். அவற்றில் வேக்யூமுக்கு வேலையில்லை. ஒன்று போனாலே 30 ஜிபிக்கு நெருக்கமாக விடுபடும். ரெப்ளிகேஷன் 001, அதாவது அதே ரேக்கில் இன்னொரு சர்வரில் ஒரு நகல். அந்த நகல் இருக்கும் சர்வருக்கே அனுப்பிவிடக் கூடாது என்பதால் ஒவ்வொரு எண்ணையும் பட்டியலில் தேடிப் பார்த்துத்தான் அனுப்பினேன். மூவ் முதலில் நகலெடுக்கும், அதற்குள் வந்த புதிய எழுத்துகளைப் பின்தொடர்ந்து சேர்க்கும், அதன்பிறகே பழையதை நீக்கும். மெதுவான வேலை. அவசரப்படுத்த எனக்கும் மனமில்லை.

மார்ச் 6

இடம் கிடைத்ததும் ரீட்-ஒன்லி பூட்டு தானாகத் திறந்தது. வால்யூம்.வேக்யூம். டைரக்டரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்: 17-க்குப் பக்கத்தில் சிபிடி, சிபிஎக்ஸ் என்று இரண்டு புதிய ஃபைல்கள் முளைத்து வளர்ந்தன. உயிருள்ள கோப்புகள் மட்டும் அவற்றுக்குள் போகின்றன. முடிந்ததும் அவையே டாட், ஐடிஎக்ஸ் (எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை) ஆகப் பெயர் மாறும். அதுவரை பழையதும் புதியதும் சேர்ந்தே இடம் பிடிக்கும். நேற்றைய நகர்த்தல் இல்லாமல் இது நடந்திருக்காது.

மார்ச் 9

யாரும் தொடாத, நிறைந்த வால்யூம்களுக்கு ஈசி.என்கோட் (ஈசி என்றால் இரேஷர் கோடிங்: முழு நகலுக்குப் பதில் சரிபார்ப்புத் துண்டுகளால் காக்கும் முறை). ஒரு வால்யூம் 10 தரவுத் துண்டு, 4 சரிபார்ப்புத் துண்டு என்று 14 ஆகப் பிரியும். இரண்டு நகலாக 60 ஜிபி பிடித்தது 42-க்கு வரும். எந்த 4 துண்டு போனாலும் மீட்கலாம். அதன்பின் புதிதாக எழுத முடியாது, படிக்கலாம், அழிக்கலாம்.

எங்களிடம் நான்கு சர்வர். பங்கு பிரித்தால் 4, 4, 3, 3. ஒரு சர்வர் முழுதாகப் போனாலும் தாங்கும், ஆனால் அதோடு சரி. நான்கு துண்டுள்ள சர்வர் போனபின் கூடுதலாக ஒரு துண்டு போனாலும் கைவிரிக்க வேண்டியதுதான்.

மார்ச் 12

இரண்டாவது சர்வரின் டிஸ்க் இறந்தது. சாதாரண மறுதொடக்கமாக இருந்தால் வால்யூம்.ஃபிக்ஸ்.ரெப்ளிகேஷனைத் தொட்டிருக்க மாட்டேன்: அது புதுநகல் எடுத்து முடிப்பதற்குள் சர்வர் திரும்பி வந்தால் நகல் மிகுதியாகி, மிகுந்ததை நீக்கும் வேலை வேறு. இது நிஜமாகவே போன டிஸ்க். ஓட்டினேன். பிறகு ஈசி.ரீபில்ட், இழந்த துண்டுகளை மீதமுள்ளவற்றிலிருந்து மறுபடி உண்டாக்கியது.

ஆனால் இப்போது 14 துண்டும் மூன்று சர்வரில்: சமமாகப் பிரித்தாலும் 5, 5, 4. ஐந்து துண்டு வைத்திருக்கும் ஒன்று விழுந்தால் முடிந்தது. மாற்று டிஸ்க் வரும்வரை புதிதாக எதையும் என்கோட் செய்யப்போவதில்லை. ஐந்தாவது சர்வரும் கேட்டிருக்கிறேன், வந்தால் ஈசி.பேலன்ஸ் ஓட்டி 3, 3, 3, 3, 2 ஆக்கிவிடலாம். அன்லாக்.