வெள்ளை மலையும் புளித்த மண்ணும்

நாங்கள் தங்கியிருந்த வீட்டுக் கொல்லையில் ஒரு மேடு இருந்தது. இடுப்பளவு உயரம், இரண்டு காரை நிறுத்தலாம் போல அகலம், மேலே ஒழுங்காக வெட்டிவிட்ட புல். காலையில் காபியோடு வெளியே வந்த மனைவி அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இங்க யாரையாவது புதைச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். சுற்றிலும் காடு, மூடுபனி, ஆள் நடமாட்டம் இல்லை. கேள்வி நியாயமாகத்தான் பட்டது.

அக்டோபர் இரண்டாவது வாரம். பாஸ்டனில் இருந்து வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வெள்ளை மலைகள் வந்துவிடும். இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போவது இந்தப் பக்கத்தில் ஒரு திருவிழா மாதிரி. கூட்டமும் அப்படித்தான். முதலில் பதிவு செய்திருந்த விடுதிக்காரர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் "அறை இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள். அவசரத்தில் அலசிக் கிடைத்ததுதான் தார்ன்டன் பக்கம் காட்டோரமாக இருந்த ஒரு பாட்டியம்மாவின் வீடு. முன்பகுதியில் அவர், பின்பகுதியில் வாடகைக்கு நாங்கள்.

கூட வந்தவர் கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி ஒருவர். கோவையில் வேளாண்மை படித்துவிட்டு இங்கே மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். நாங்கள் கார் டிக்கியில் புளிசாதத் தூக்கை வைத்தபோது அவர் ஒரு மண்வெட்டியை வைத்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மேட்டைப் பற்றி அவரிடம் கேட்டோம். "சமாதி இல்லீங்ணா. செப்டிக் டேங்க் தண்ணி ஊறுற இடம்" என்றார். நான் காபி டம்ளரோடு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

நம் ஊரில் பூமிக்கு அடியில் போக வேண்டிய சமாச்சாரம் இங்கே ஏன் மேடு கட்டி உட்கார்ந்திருக்கிறது? அதற்குக் காரணம் பனி. ஒரு காலத்தில் கனடாவில் இருந்து கிளம்பிய பெரும் பனிப்பாளம் இந்தப் பகுதி முழுவதையும் மூடிக் கிடந்தது. இங்கே உள்ள வாஷிங்டன் சிகரத்தின் உயரம் 1,917 மீட்டர். அதன் தலைக்கு மேலேயும் பனி ஏறிப் போயிருக்கிறது. அவ்வளவு கனத்தில் நகர்ந்த பனி, மலையைச் சுரண்டி, பாறையை நொறுக்கி, மாவும் மணலும் கூழாங்கல்லும் வீடளவு பாறையும் ஒன்றாகக் கலந்து தனக்கு அடியில் அப்பிக்கொண்டே போனது. ஆற்று வண்டல் என்றால் தண்ணீர் சலித்துப் பிரித்துப் போடும். கரடு ஓரிடம், களி வேறிடம். பனிக்கு அந்தப் பொறுமை கிடையாது, அள்ளியதை அப்படியே கொட்டும். இந்தக் கலவைக்கு 'டில்' என்று பெயர். பனி உருகிப் பின்வாங்கி ஏறக்குறைய 14,000 வருடம்தான் ஆகிறது. மண்ணின் கணக்கில் இது கைக்குழந்தை வயது.

அடியில் சிக்கிய டில், மேலே இருந்த பனியின் பாரத்தால் கெட்டித்துப்போனது. முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் தோண்டினால் இந்த இறுகல் தரை வந்துவிடுகிறது. தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. வசந்தத்தில் பனி உருகும்போது மேல்மண்ணில் தண்ணீர் கட்டி நிற்கும். அதனால்தான் கழிவுநீர் ஊறுவதற்கு வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து தரைக்கு மேலே மேடு போடுகிறார்கள். பாட்டியம்மா வீட்டு நிலவறையில் ஒரு பம்பு ராத்திரி எல்லாம் விட்டுவிட்டு ஓடியதற்கும் இதே தரைதான் காரணமாம். நான் பிரிட்ஜ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேசிய வனத்தில் மண்வெட்டி போடக் கூடாது. தம்பி பாட்டியம்மாவிடம் போய்க் கேட்டார். "மேட்டை மட்டும் விட்டுவிட்டு எங்கே வேண்டுமானாலும் தோண்டிக்கொள்" என்று அனுமதி கிடைத்தது. கொல்லையைத் தாண்டி, காடு தொடங்கும் இடத்தில் ஒரு ஹெம்லாக் மரத்துக்குச் சற்றுத் தள்ளிக் குழி வெட்ட ஆரம்பித்தார். ஹெம்லாக் என்பது ஊசியிலை மரம், சாக்ரட்டீஸ் குடித்த விஷச் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் வந்தது மண்ணே அல்ல. மக்கியும் மக்காமலும் கிடந்த இலை, ஊசி, குச்சி எல்லாம் சேர்ந்து ஒரு சாண் கனத்துக்கு மெத்தை போல இருந்தது. மண்வெட்டி அதில் பட்டு எம்பியது. அதைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி எடுக்க முடிந்தது. அடிப்பக்கம் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி விரலில் ஒட்டியது. காளான் வாசனை. வேர் பெரும்பாலும் அதற்குள்ளேயே பின்னிக் கிடந்தது. மரம் இவ்வளவு உயரம், வேர் இந்த மெத்தையில்! காட்டுக்குள் சாய்ந்து கிடந்த மரங்களின் வேர் ஏன் தட்டைத் தூக்கி நிறுத்தியது போலச் செங்குத்தாக நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆழம் போக வழியில்லை, அகலத்தில் படர்கின்றன. பெருங்காற்று அடித்தால் தரையையே பெயர்த்துக்கொண்டு விழுகின்றன.

மெத்தைக்குக் கீழே நாலு விரல் கனத்துக்கு வெளுத்த சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசியது மாதிரியே இருந்தது. காட்டுத்தீயா என்று கேட்டேன். இல்லையாம். அதற்குக் கீழே பட்டென்று நிறம் மாறியது. காபித்தூள் நிறத்தில் ஒரு பட்டை, கீழே போகப் போகத் துரு நிறம், பிறகு மஞ்சள். கடைசியில் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மண்வெட்டி "ணங்" என்றது. இறுகல் தரை. குழிச்சுவரில் சுரந்த தண்ணீர் அதன் மேல் தேங்க ஆரம்பித்தது. குழிக்குள் இறங்கி நின்ற என் ஷூ நனைந்து, அன்று முழுவதும் சப்தித்துக்கொண்டே வந்தது.

இந்த மாதிரி மண்ணுக்குப் பெயர் 'பாட்சால்'. ரஷ்ய மொழியில் கீழே சாம்பல் என்று பொருள் வரும் சொல். தம்பி விளக்கத் தொடங்கியபோது எனக்கு ஊர் பில்டர்தான் ஞாபகம் வந்தது. மேல் டப்பாவில் தூள், அதன் மேல் வெந்நீர், கீழ் டப்பாவில் டிகாக்‌ஷன். இங்கே வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழையும் பனியும் பெய்கிறது. குளிர் அதிகம், ஆவியாவது குறைவு, இறங்கும் தண்ணீர் ஏராளம். மெத்தையில் ஊசியிலைகள் மெல்ல மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்களை அந்தத் தண்ணீர் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. போகிற வழியில் மணல்துகள்மேல் ஒட்டியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் சுரண்டிக்கொள்கிறது. வண்ணம் போன துகள்கள் வெறும் குவார்ட்ஸாக வெளுத்துப்போகின்றன. அதுதான் சாம்பல். சுரண்டிய இரும்பும் கறுப்புக் கரிமமும் கொஞ்சம் கீழே போய்ப் படிகின்றன. அதுதான் காபித்தூள் பட்டை. "டிகாக்‌ஷன் மாதிரியா?" என்றேன். "அட, அப்படியே வகுப்புல சொல்லலாம்போல இருக்குதுங்ணா" என்றார். அந்தப் பாராட்டை மனைவி காதில் விழும்படி இன்னொரு தரம் சொல்ல வைத்தேன்.

பிறகு சின்ன டப்பாவில் மெத்தையின் அடிக் கறுப்பைக் கொஞ்சம் போட்டு, வாலை வடிநீர் ஊற்றி, கலக்கி, தெளியவிட்டு, அதில் புளிப்பை அளக்கும் பி.ஹெச். தாளைத் தோய்த்தார். தாள் 4-க்குப் பக்கத்து நிறத்தைக் காட்டியது. அதாவது தயிரைவிடச் சற்றே கூடுதல் புளிப்பு. கீழே இருந்த துருநிற மண் 5-ஐ ஒட்டி வந்தது. ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு என்பதை மறந்துவிடக் கூடாது. பனி கொண்டுவந்து கொட்டியதெல்லாம் பெரும்பாலும் கிரானைட்டும் அதன் சொந்தக்காரப் பாறைகளும். அவற்றில் சுண்ணாம்புச் சத்து குறைவு, கரைவதும் மெதுவு. புளிப்பை முறிக்க ஆளில்லை.

பள்ளிக்கூடத்தில் 'மண்புழு உழவனின் நண்பன்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். குழியில் ஒரு புழுகூட இல்லை. கேட்டதற்குத் தம்பி சொன்ன பதில் என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. பனிப்பாளம் இருந்த இந்தப் பகுதியில் சொந்த மண்புழுக்களே கிடையாதாம். இருப்பதெல்லாம் ஐரோப்பாவில் இருந்தும் ஆசியாவில் இருந்தும் செடித்தொட்டியோடும் தூண்டில் இரையோடும் வந்தவை. அவை காட்டுக்குள் நுழைந்தால் அந்த மெத்தையைத் தின்று தீர்த்துவிடும். மெத்தையை நம்பி முளைக்கும் செடி கொடி எல்லாம் போச்சு. அதனால் மீன்பிடிக்கப் போகிறவர்கள் மீந்த புழுவைக் காட்டில் வீசக் கூடாது. இந்தப் புளிப்பு மண் புழுவுக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பது இந்த மரங்களின் அதிர்ஷ்டம்.

அங்கிருந்து காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம். நடுக்காட்டில் முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர். இந்தப் பக்கமும் மரம், அந்தப் பக்கமும் மரம், நடுவில் எதற்கு வேலி? 1800-களின் முதற்பாதியில் இதெல்லாம் ஆட்டு மேய்ச்சலும் வயலுமாக இருந்த நிலம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தரை உறையும்போது டில்லுக்குள் இருக்கும் கல் மேலே தள்ளப்படும். வசந்தத்தில் உழப் போனால் போன வருடம் பொறுக்கிய இடத்திலேயே புதுக்கல். பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் அடுக்கியதுதான் சுவர். மேற்கே ஒஹையோ பக்கம் கல்லே இல்லாத நிலம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள். காடு திரும்பி வந்து வயலை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு இந்த மாநிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு காடு.

மதியம் ஹப்பர்ட் புரூக் பக்கம் போனோம். பெயர் தெரியாதவர்கள்கூட அமில மழை என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அந்தப் பேச்சு அமெரிக்காவில் கிளம்பியதில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 1955-ல் வனத்துறை இதை ஆய்வுக்காடாக ஒதுக்கியது. சின்னச் சின்ன ஓடைகளின் வாயில் தடுப்புக் கட்டி, வருகிற தண்ணீரை எல்லாம் அளந்தார்கள். இறுகல் தரைக்கும் பாறைக்கும் கீழே தண்ணீர் அதிகம் கசியாததால், மேலே பெய்வதையும் ஓடையில் வருவதையும் வரவு செலவு போலச் சரிபார்க்க முடிந்தது. ஜீன் லைக்கென்ஸ், ஹெர்பர்ட் போர்மன் என்ற இரண்டு சூழலியல் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 1963-ல் இங்கே பெய்த மழையைச் சோதித்தபோது, அது இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு புளிப்பாக இருந்தது. மேற்கே உள்ள மின்நிலையங்களில் எரிந்த நிலக்கரியின் கந்தகம் காற்றோடு வந்து இறங்கியிருந்தது.

எனக்கு வந்த சந்தேகம் உங்களுக்கும் வரும். ஏற்கெனவே புளித்த மண், அதில் இன்னும் கொஞ்சம் புளிப்பு விழுந்தால் என்ன குடி முழுகிப்போகும்? தம்பியின் பதில்: மரத்தின் அமிலம் அலுமினியத்தைக் கட்டி இழுத்துப்போய்க் கீழே இறக்கிவிடுகிறது. மழையின் அமிலம் அப்படியில்லை. மண்ணில் இருந்த கொஞ்ச நஞ்சக் கால்சியத்தை அடித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடுகிறது, அந்த இடத்தில் அலுமினியம் கரைந்து நிற்கிறது. அது வேருக்கு நஞ்சு, ஓடை மீனுக்கும் நஞ்சு. எல்லா மரமும் ஒன்றல்ல. ஹெம்லாக்கும் பீச்சும் சமாளித்துவிடும். சர்க்கரை மேப்பிளுக்குக் கால்சியம் வேண்டும். நாங்கள் பாஸ்டனில் இருந்து வண்டி கட்டி வந்ததே அந்த மேப்பிளின் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும்தான்.

1999 அக்டோபரில் ஒரு ஓடையின் நீர்ப்பிடிப்பு முழுக்க, 12 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவான காட்டில், ஹெலிகாப்டர் வைத்து 40 டன்னுக்கும் அதிகமான வொலாஸ்டோனைட் என்ற கால்சியக் கல்லை உருண்டையாக்கித் தூவினார்கள். இழந்ததைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அடுத்த வருடங்களில் அங்கே மேப்பிள் தெளிந்தது, கன்றுகள் பிழைத்தன. காற்றைச் சுத்தப்படுத்தும் சட்டங்கள் வந்த பிறகு மழையின் புளிப்பும் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் மழை திருந்தின வேகத்தில் மண் திருந்தவில்லை. கிரானைட் கரைந்து கால்சியம் சேர எத்தனை தலைமுறை ஆகுமோ.

அங்கே கண்ணுக்கு விருந்தாகப் பெரிதாக எதுவும் இல்லை. மிரர் ஏரி என்று சின்ன ஏரி, அதில் தலைகீழாக மலை. நாங்கள் புளிசாதத்தைப் பிரித்தோம். புளிப்பு பற்றிக் காலையில் இருந்து பேசிவிட்டு அதைச் சாப்பிட்டது பொருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் கான்கமாகஸ் நெடுஞ்சாலை. லிங்கனில் இருந்து கான்வே வரை 34 மைல், இலை பார்க்க வருகிற எல்லோரும் போகும் பாதை. அழகைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் நெரிசலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: 34 மைலுக்கு மூன்று மணி நேரம். தெற்கே இறங்கி மாடிசன் பாறையைப் பார்த்தோம். பனி தூக்கி வந்து போட்ட ஒற்றைக் கல். 25 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், 5,000 டன்னுக்கு மேல் கனம். அதன் நிழலில் நின்றபோதுதான், அள்ளியதை அப்படியே கொட்டும் என்று சொன்னதன் அர்த்தம் உடம்பில் உறைத்தது.

கிளம்புகிற அன்று காலை பாட்டியம்மா தோட்டத்தில் பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தார். இங்கே அக்டோபரில் ஊன்றினால் அடுத்த கோடையில் எடுப்பார்கள். பக்கத்தில் ஒரு தகர வாளி நிறையப் போன குளிர்காலத்து அடுப்புச் சாம்பல். பாத்தியில் சாம்பலைத் தூவி, கொத்திக் கிளறி, பிறகு ஊன்றினார். "இந்த மண் புளிப்பு. இதைப் போட்டால் இனிக்கும்" என்றார். இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், புளிப்பு மண், இனிப்பு மண் என்று.

"உங்கள் ஊரிலும் இப்படித்தானா?" என்று கேட்டார். திருச்சிக்குப் பக்கம் மணிகண்டத்தில் எங்கள் தாத்தா வயல் களர் நிலம். கோடையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். புளிப்புக்கு நேர் எதிர், பி.ஹெச். 9-ஐத் தாண்டும். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் ஓடு. தாத்தா ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்து, கொளுஞ்சி மடக்கி உழுது, பாதி ஆயுளை அதிலேயே கழித்தார். சொன்னேன். பாட்டியம்மா மண்கொத்தியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியானால் அதில் ஒரு மூட்டை எனக்கு அனுப்பு. இதில் ஒரு மூட்டை உன் தாத்தாவுக்கு."

நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. "அது சரிப்படாதுங்க, அந்த மண்ணுல சோடியம்..." என்று பாட்டியம்மாவிடம் தமிழிலேயே ஆரம்பித்துவிட்டு, சுதாரித்து ஆங்கிலத்துக்கு மாறி, பாத்தி ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மனைவி காருக்குள் இருந்து ஹாரன் அடித்தாள்.