டில்லிக் குளிரில் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி: அவசரப்பட்டுக் கொடுத்த ஓடிபி

டிசம்பர் கடைசியில் அம்மா தஞ்சாவூரிலிருந்து டில்லி துவாரகாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் குளிர் ஆகாது என்றுதான் மே மாதமே கொஞ்சம் கூடப் பணம் போட்டு ஒன்றரை டன் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி, அதாவது குளிர்காலத்தில் சூடான காற்றும் தருவது, வாங்கி வைத்திருந்தேன். வெயில் காலம் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. ரிமோட்டில் முதன்முறையாகச் சூரியன் படத்தை, அதாவது ஹீட்டை, வைத்த அன்று ஆரம்பித்தது கூத்து.

போட்டேன். காற்றே வரவில்லை. இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு அணைத்து மறுபடி போட்டேன். மறுபடியும். “விடுடா, எனக்குக் கம்பளி போதும்” என்றாள் அம்மா. நான் அணைத்து அணைத்துப் போட்டதுதான் தப்பு. ஹீட்டில், உள்ளே இருக்கும் காயில் (குழாய்ச் சுருள்) சூடேறும் வரை ஃபேன் சுற்றாது. இல்லாவிட்டால் ஜில்லென்ற காற்று முகத்தில் அடிக்கும். ஐந்து நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து நல்ல பனிமூட்டம். விடிகாலை 5 டிகிரி. அரை மணி நேரம் ஓடிய ஏசி திடீரென்று நின்றது. ‘புஸ்’ என்று ஒரு சத்தம். பால்கனிக் கதவைத் திறந்தால் அவுட்டோர் யூனிட்டிலிருந்து வெள்ளையாகப் புகை! ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, “புகை வருகிறது” என்றே புகார் பதிந்தேன். அது புகை இல்லை, ஆவி என்று தெரிந்துகொள்ள இன்னும் பத்து நாள் ஆயிற்று.

நாலாம் நாள் சர்வீஸ்காரர் வந்தார். எப்போது? மத்தியானம் ஒரு மணிக்கு, வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும்போது. ஏசி ஜோராக வேலை செய்தது. வெறுங்கையோடு போக மனமில்லை போலிருக்கிறது. முன்மூடியைத் திறந்து பட்டனை அழுத்திப் பிடித்துக் கட்டாயமாகக் கூலிங்கில் ஓடவிட்டு, அழுத்தம் பார்க்கும் கேஜைச் சொருகினார். “கேஸ் கம் ஹை, சார்.” ஏசிக்குள் சுற்றும் கேஸ் கம்மியாம். நிரப்ப 3,000 ரூபாய் ஆகும், வாரண்டியில் வராது, நாளைக்குச் சிலிண்டரோடு வருகிறேன் என்றார். வந்து பார்த்ததற்குப் பதிவு வேண்டும் என்று போனுக்கு வந்த ஓடிபியையும் கேட்டார். கொடுத்துத் தொலைத்தேன்.

அவர் லிஃப்டில் இறங்குவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது: புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?

இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அந்த ஓடிபி வருகைப் பதிவு இல்லை, வேலை முடிந்தது என்று நாம் போடும் கையெழுத்து. அதைக் கொடுத்துவிட்டால் அடுத்த போனில் நாம் புது ஆள், வரிசையில் கடைசி. மறுநாள் அவரும் வரவில்லை. ஒரு வாரம் கம்பளியும், அறையைச் சூடாக்கும் ராட் ஹீட்டருமாக ஓடியது. அந்த ஹீட்டர் 2,000 வாட், மணிக்கு இரண்டு யூனிட். அதே மீட்டரில் பின்னால் பார்த்தபோது ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகத்தான் எடுத்தது. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே இழுத்துவருகிறது என்பதால்.

சும்மா இருந்த அந்த வாரத்தில்தான் வாரண்டி அட்டையையும் கையேட்டையும் முழுதாகப் படித்தேன். முதல் வருஷம் கேஸும் சேர்த்தி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இன்னொன்று: கேஸ் என்பது ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் காட்டாமல் ‘கேஸ் கம்மி’ என்பவரை நம்ப வேண்டாம். அதிலும் குளிர் நாளில் கூலிங்கில் ஓட்டிப் பார்த்தால் கேஜில் அழுத்தம் குறைவாகத்தான் காட்டும்.

இரண்டாவது புகாரில் ஒரே நிபந்தனை வைத்தேன்: காலை எட்டு மணிக்கு முன்னால் வர வேண்டும். மூன்று போன், ஒரு சண்டை, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இந்த விவகாரத்தில் நான் ஜெயித்த ஒரே இடம் அதுதான். வந்தவர் வயதானவர், மஃப்ளருக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. டீயைக் குடித்துக்கொண்டே காத்திருந்தார். ஏசி நின்றது, புஸ்ஸென்றது, ஆவி வந்தது. சிரித்துவிட்டார். டிஃப்ராஸ்ட். ஈரக் குளிரில் வெளிக் காயிலில் உறைபனி படியும். அதை உருக்க ஏசி கொஞ்ச நேரம் தானே கூலிங்குக்கு மாறி, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே அனுப்பும். சில நிமிஷத்தில் திரும்பிவிடும். பனி உருகும் ஆவியைத்தான் நான் புகை என்று மெயினை அணைத்திருக்கிறேன்.

“ஆனால் இத்தனை சீக்கிரம் சீக்கிரமாக வரக் கூடாதே” என்று யூனிட்டின் பின்பக்கம் டார்ச் அடித்தார். நான் ஆசையாக மாட்டிய பிளாஸ்டிக் கவர் முக்கால்வாசி சரிந்து காயிலை மூடியிருந்தது. கோடையில் மட்டும் ஏசி ஓட்டுகிற அக்கம்பக்கத்தார் குளிர்காலத்தில் கட்டுகிறார்களே என்று நானும் மேலே போட்டுவைத்தது. கவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு புறாக்கூடு. காற்று எங்கிருந்து போகும்? உள்ளே ஃபில்டரை உருவினால் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி டில்லித் தூசி. கவரையும் கூட்டையும் எடுத்துவிட்டு, காயிலையும் ஃபில்டரையும் கழுவினார். காற்று வரும் வாயிலுள்ள ஃபிளாப்பைக் கீழ்நோக்கித் திருப்பினார். சூடான காற்று மேலே ஏறும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றினாள். ஓடிபியை இந்த முறை வாசலில், செருப்பு மாட்டிய பிறகுதான் சொன்னேன்.

தீர்ந்தது என்று நினைத்தால், மறுநாள் கீழ் வீட்டு ஆன்ட்டி மணியடித்தார். வெயிலில் காயப் போட்ட ரஜாய் (பஞ்சுப் போர்வை) மேல் எங்கள் ஏசித் தண்ணீர். ஹீட்டில் தண்ணீர் வெளி யூனிட்டிலிருந்துதான் சொட்டும், உள்ளே இருந்து வரும் குழாய்க்கு வேலை இல்லை. அந்தத் தண்ணீரைப் பிடிக்க, வெளி யூனிட்டின் அடியில் மாட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் வளைவு பெட்டியோடு வரும். மாட்ட வந்த ஆட்கள் அதைத் தெர்மாகோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். புது ஏசி மாட்டும்போது அதைக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்லுங்கள். நான் கடை கடையாக அலைந்து ஒன்றைப் பிடித்து, ஹோஸைச் செருகி வாளியில் விட்டிருக்கிறேன். ஆன்ட்டி இன்னும் பேசவில்லை. புறா மட்டும் நேற்று வாயில் ஒரு குச்சியோடு வந்து இடம் பார்த்துவிட்டுப் போனது.