மிச்சிகன்ல வண்டி ஓட்டணும்னா இந்த ரோடுங்கதான்

ஹார்பர் ஸ்பிரிங்ஸ்ல இருந்து கிராஸ் வில்லேஜ் வரைக்கும் எம்-119னு ஒரு ரோடு, சுமார் 32 கிலோமீட்டர்தான், ஆனா நாங்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கிட்டோம். நடுவுல கோடே கிடையாது, ரெண்டு பக்கமும் மரம் அப்படியே மேல வந்து கூரை போட்டுடும், அதான் மரச் சுரங்கம்னு பேரு, எதிர்ல ஒரு வேன் வந்தப்போ கண்ணாடியை மடக்கணுமோன்னு ஆயிடுச்சு, இலைக்கு இடையில திடீர்னு மிச்சிகன் ஏரி நீலமா எட்டிப் பாக்கும். அக்டோபர்ல போங்க, இலையெல்லாம் நிறம் மாறியிருக்கும், கூட்டம் இருக்கும், பரவால்ல.

அப்புறம் மேக்கினா பாலம், 1957ல திறந்தது, 8 கிலோமீட்டர். உள்பக்க லேன் வெறும் இரும்புக் கம்பி வலை, டயர் 'ங்ங்ங்'னு கத்தும், கீழ தண்ணி தெரியும், என் வீட்டுக்காரி கண்ணையே திறக்கல!

பாலம் தாண்டி மேல போனா யூஎஸ்-41னு ஒரு ஹைவே. ஹான்காக்ல குவின்சி செம்புச் சுரங்கம், காப்பர் ஹார்பர் தாண்டி காட்டுக்குள்ள ரோடு சும்மா வட்டமா முடிஞ்சுடுது. இந்த ரோட்டோட இன்னொரு முனை தெற்கே ஃப்ளோரிடாவுல இருக்கற மயாமியாம்.

மேக்கினா பாலத்துக்குப் பக்கத்துல இருக்கற மேக்கினா தீவுல எம்-185னு ஒரு ரோடு இருக்கு, அதுல காரே விடமாட்டாங்க, சைக்கிளும் குதிரையும்தான்.