கெட்டதை எங்கே இறக்கி வைக்கிறார்கள்?

வெளிநாட்டில் ஒருவரிடம் போய் "உங்கள் ஊர் மூடநம்பிக்கைகள் என்னென்ன?" என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கெட்ட சகுனம் கண்டவர்கள் அதை எங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு ஊரில் அது கம்பியில் கட்டிய காகிதம், இன்னொரு ஊரில் செங்கல் மேல் கிழிந்து கிடக்கும் பொம்மை, வேறோர் இடத்தில் விரிசல் விட்ட கண்ணாடிப் பாசிமணி. நம்பிக்கையின் முழு வடிவமும் அந்த இடத்தில்தான் தெரியும். பயணி தெரியாமல் கை வைத்துவிடுவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

டோக்கியோவின் அசாகுசாவில் இருக்கும் சென்சோஜி கோயிலிலிருந்து தொடங்கலாம். காமினாரிமோன் வாசலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்கைக் கடந்து, நாகமிசே கடைத்தெரு வழியே நேராக நடந்தால் மூல மண்டபம். அங்கே சின்னச் சின்ன இழுப்பறைகள் அடுக்கிய மேடைகள் இருக்கும். ஓமிகுஜி என்கிற பலன் சீட்டு எடுக்கும் இடம் அது. 100 யென் நாணயத்தைத் துவாரத்தில் போட வேண்டும். கேள்வியை மனசில் நிறுத்திக்கொண்டு அறுகோண உலோகக் குழலை இரண்டு கையாலும் குலுக்க வேண்டும். பிறகு கவிழ்த்தால் அடியிலுள்ள சிறு ஓட்டை வழியாக ஒரு குச்சி தலை நீட்டும். அதில் எண் எழுதியிருக்கும். அதே எண்ணுள்ள இழுப்பறையைத் திறந்து ஒரே ஒரு தாளை எடுத்துக்கொண்டு, குச்சியைக் குழலுக்குள் திருப்பிப் போட்டு, இழுப்பறையை மூடிவிட வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் தவறுவது எண்ணில்தான். அது ஜப்பானிய எழுத்தில் இருக்கும். 'பத்து' என்ற குறிக்குக் கீழே 'இரண்டு' வந்தால் 12. 'இரண்டு' மேலே, 'பத்து' கீழே என்றால் 20. இதை மாற்றிப் படித்துவிட்டு, வேறு யாருக்கோ உரிய பலனை வாங்கிப் படித்துக் கலங்குகிறவர்கள் உண்டு. இழுப்பறையின் முகப்பிலும் அதே குறிகள்தான் இருக்கும் என்பதால் எண்ணாகப் படிக்க முயல வேண்டாம். குச்சியை இழுப்பறைக்குப் பக்கத்தில் பிடித்து, வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிட்டால் போதும்.

இங்கே கெட்ட பலன் வருவது அபூர்வம் இல்லை. 100 சீட்டில் 30 'கியோ', அதாவது கெட்டது. மிக நல்ல பலனான 'டைகிச்சி' 17 மட்டுமே. பத்தாம் நூற்றாண்டுத் துறவி ரியோகெனின் பெயரால் வழங்கும் பழைய சீட்டு வரிசையின் விகிதம் அது. சென்சோஜி அதைக் குறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறது. வருகிறவர்களை மகிழ்விக்க நல்ல சீட்டையே நிரப்பிவிடாத அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கியோ வந்தால் தாளை நீளவாக்கில் மூன்று நான்கு முறை மடித்து நாடாவாக்கி, பக்கத்தில் இருக்கும் கம்பியில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இறுக்கி முடிச்சுப் போட்டால் தாள் கிழிந்துவிடும். ஒரு சுற்று சுற்றி நுனியைச் செருகினால் நிற்கும். மரக்கிளையில் கட்டாதீர்கள், கிளைக்குக் கேடு. அடுத்தவர் கட்டியதை அவிழ்த்துப் பார்க்கவே கூடாது. அது அவர் இறக்கி வைத்துவிட்டுப் போன சுமை.

கோயில்களில் விற்கும் ஓமாமோரி என்கிற காப்புப் பைக்கும் இதே கணக்கு. பட்டுப் பையின் வாயைத் திறக்கக் கூடாது. ஏறக்குறைய ஓராண்டு வைத்திருந்துவிட்டு, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் வாங்கி முறைப்படி எரித்துவிடுவார்கள். பௌத்தக் கோயிலில் வாங்கியதை, ஜப்பானின் பூர்வ சமயமான ஷிண்டோவின் ஆலயத்தில் கொடுப்பது முறையாகாது.

ஹாங்காங்கில் இதே வேலை சத்தமாக நடக்கும். காஸ்வே பே பக்கம் கெனால் ரோடு மேம்பாலத்துக்கு அடியில், வாத்துக் கழுத்துப் பாலம் என்று மக்கள் அழைக்கும் இடம். குட்டை முக்காலிகளில் வயதான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் ஒரு செங்கல், கையில் தேய்ந்த செருப்பு. 'சியு யன்' அடிப்பது அவர்கள் தொழில். சொல்லுக்கு நேர்ப்பொருள் சின்ன மனிதன். புறம்பேசுகிறவன், காலை வாரிவிடுகிறவன், பொறாமையால் வேலையைக் கெடுக்கிறவன் எல்லோரும் அதில் அடக்கம்.

முதலில் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏற்றி வணக்கம். வந்தவரின் பெயரையும் பிறந்த தேதியையும் தாளில் எழுதுவார்கள். மனித உருவில் வெட்டிய காகிதத்தில் எதிரியின் பெயரை எழுதலாம். பெயர் தெரியாவிட்டால் பொதுவாக விட்டுவிடலாம். அதைச் செங்கல் மேல் வைத்து, தலை, கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, எதுகையோடு பாடிக்கொண்டே செருப்பால் அடிப்பார்கள். காகிதம் நார்நாராகும்வரை அடி விழும். அடுத்தது காகிதப் புலி. வெள்ளைப் புலி வாய் திறந்தால் வம்பு என்பதால், அதன் வாயில் பன்றிக் கொழுப்பைத் தேய்த்து அதன் பசியை அடக்குவார்கள். எல்லாவற்றையும் தீயில் போட்டபின், கைகொடுக்கும் நல்லவர்கள் வரட்டும் என்று தனியாக ஒரு வேண்டுதல். கடைசியில் பிறை வடிவக் கட்டைகள் இரண்டைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டைப் பக்கமும் மற்றது வளைந்த பக்கமும் மேலாக விழுந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மறுபடி போட வேண்டும்.

கூட்டம் அலைமோதுவது சீன நாட்காட்டியில் பூச்சிகள் விழித்தெழும் நாளில். மார்ச் 5 அல்லது 6 அன்று வரும். குளிர்காலம் முழுக்கத் தூங்கியவை எழும்போது தீயவையும் எழும் என்பது நம்பிக்கை. சடங்கை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் வேறு நாளில் போங்கள். முக்காலியில் உட்காரும் முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். கேமராவை நீட்டும் முன் அந்த அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமும் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காகிதத்தில் அவர் மேலதிகாரியின் பெயர் இருக்கலாம்.

அதே பிறைக் கட்டைகளைத் தைவானின் கோயில்களிலும் பார்க்கலாம். தைப்பேயில் 1738இல் எழுந்த லுங்ஷான் கோயிலில் சிவப்பு நிறக் கட்டைகள். அங்கே எண் குச்சியை உருவியதும் ஓடிப்போய்ச் சீட்டை எடுக்கக் கூடாது. "இந்தக் குச்சிதானா?" என்று கேட்டுக் கட்டைகளைப் போட்டு, தொடர்ந்து மூன்று முறை சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது, கேள்வி தெளிவாக இல்லை என்று பொருள். இரண்டும் வளைந்த பக்கம் மேலாக விழுந்தால் மறுப்பு. ஒவ்வொரு தடவையும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், மூன்றும் அடுத்தடுத்து அமைவது எட்டில் ஒன்றுதான். பலர் பாதியிலேயே பொறுமை இழந்து சீட்டை எடுத்துவிடுகிறார்கள். அது அவர்களுக்கு உரிய சீட்டு ஆகாது.

துருக்கியில் கெட்டதைத் தாங்கிக்கொள்வது கண் வடிவ நீலக் கண்ணாடிப் பாசிமணி. இஸ்மிருக்குப் பக்கத்தில் நசர்கோய் என்ற கிராமம் இதற்குப் பெயர் போனது. பைன் விறகு எரியும் உலையில் கண்ணாடியை உருக்கி, இரும்புக் கம்பியின் நுனியில் அடர்நீல உருண்டையாகச் சுற்றி, இன்னொரு கம்பியால் வெள்ளை, வெளிர்நீலம், கருவிழி என்று ஒவ்வொரு நிறமாக வைத்து அழுத்துவார்கள். அதன்பின் வருவதுதான் முக்கியமான வேலை: மணியை மெதுவாக ஆறவிட வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் வெளிப்பக்கம் இறுகிவிடும், உள்பக்கம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும். அந்த இழுவிசை கண்ணாடிக்குள் தங்கி, மாதங்கள் கழித்துக்கூட யாரும் தொடாமலே விரிசலாக வெளிப்படும். வாசலில் தொங்கிய மணி வெடித்தால் வீட்டுக்காரர் திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது என்று நிம்மதியாகி, அதை எறிந்துவிட்டுப் புதியது மாட்டுவார். கண்ணாடியின் சுபாவமும் அவருடைய நிம்மதியும் இரண்டுமே உண்மை. வாங்கும்போது வட்டங்கள் அச்சடித்ததுபோல ஒழுங்காக இருந்தால் அது கைவேலையாக இருக்காது. உள்ளே சிறு குமிழி, கொஞ்சம் கோணலான கருவிழி, கையில் குளிர்ச்சியும் கனமும் இருக்க வேண்டும்.

அதே நாட்டில் திருஷ்டி கழிக்கக் காரீயத்தை உருக்கி, தலைக்கு மேல் துணி பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் ஊற்றும் வழக்கமும் உண்டு. உறையும் உருவத்தைப் பார்த்துக் குறி சொல்வார்கள். இதில் மட்டும் நீங்கள் பங்கெடுக்க வேண்டாம். காரீயம் விஷம், அதன் ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பது உடம்புக்கு நிச்சயமாகக் கெடுதல். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைக்குள்ளேயே விடக் கூடாது.

ரஷ்யாவில் இதற்கெல்லாம் கருவி தேவையில்லை. மறந்த பொருளுக்காக வீட்டுக்குள் திரும்பி வருவது கெட்ட சகுனம், ஆனால் மறுபடி கிளம்பும் முன் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டால் சரியாகிவிடும். விருந்தாளிக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. பூங்கொத்தில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பூக்கள் இருக்கட்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. வாசற்படிக்கு மேலாகக் கை குலுக்க வேண்டாம், உள்ளே காலை வைத்த பிறகு கொடுங்கள்.

அதிர்ஷ்டம் எடுத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. மாஸ்கோ மெட்ரோவில் 1938இல் திறந்த பிளோஷ்சத் ரெவலூட்சி நிலையத்தில், 76 வெண்கல உருவங்களுக்கு நடுவே எல்லைக் காவலரின் நாய் மூக்கு, அதிர்ஷ்டத்துக்காகப் பயணிகள் தடவித் தடவிப் பொன்னாக மின்னும். மிலான் நகரின் விட்டோரியோ இமானுவேலே கூடத்தில் தரையிலுள்ள காளையின் விதைமேல் குதிகாலை வைத்து மூன்று சுற்று சுற்றுகிறார்கள். அங்கே குழி விழுந்து, கல் பதித்து, மறுபடி குழி விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்தத் தரை மொசைக் கலைஞர்களின் கைவேலை.

கெட்டதைக் காகிதத்திலோ கண்ணாடியிலோ இறக்காமல் மனிதர்மேல் இறக்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் ஜப்பானிலேயே சாட்சி இருக்கிறது. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. 1906இல் பெற்றோர் சிலர் பெண் குழந்தையின் பிறந்த ஆண்டையே பதிவேட்டில் மாற்றி எழுதினார்கள். 1965இல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் 1966இல் 13.6 லட்சமாகச் சரிந்தன. அடுத்த ஆண்டே 19.4 லட்சம். போரோ பஞ்சமோ இல்லை, நாட்காட்டியில் ஒரு பெயர் மட்டும்தான். அந்த ஆண்டில் பிறந்த பெண்கள் அதைக் கட்டிவிட்டு வரக் கம்பி கிடையாது. 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை ஆண்டு.

கடைசியாகக் கற்கள். ஹவாயின் எரிமலைத் தேசியப் பூங்காவிலிருந்து லாவாக் கல்லைக் கொண்டுபோனால் பெலே தெய்வத்தின் சாபம் தொடரும் என்பார்கள். பழைய ஹவாய் மரபில் இந்தச் சாபக் கதை கிடையாது. 20ஆம் நூற்றாண்டில் சுற்றுலாவோடு பரவியது அது. ஆனாலும் உலகெங்கிலுமிருந்து மன்னிப்புக் கடிதத்தோடு கற்கள் தபாலில் திரும்பி வருகின்றன. ஆஸ்திரேலியாவில் உலுரு என்ற பெரும்பாறை இருக்கும் பூங்காவுக்கும் அப்படித்தான், அங்கே அவற்றுக்கு 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர். எந்த இடத்தில் எடுத்த கல் என்று தெரியாமல் அதை உரிய இடத்தில் வைக்க வழியில்லை என்பதுதான் பூங்கா ஊழியர்களின் சிக்கல். சாபம் இருக்கட்டும், இரண்டு பூங்காவிலும் கல் எடுப்பது சட்டப்படி குற்றம். அதனால் வண்டியில் ஏறும் முன் ஒருமுறை பைகளைக் கொட்டிப் பாருங்கள், குறிப்பாகக் குழந்தைகளின் சட்டைப் பைகளை. கல் எந்தப் பாதை ஓரத்தில் கிடந்தது என்று அப்போது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.