திட்டம் ரெடி, கணக்குதான் திறக்கவில்லை

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் சிறுவர் காற்பந்துக் கிளப்புக்கு ஆதரவு தர ஒரு நிறுவனம் முன்வந்தது. நிபந்தனை இரண்டு: மூன்றாண்டு வணிகத் திட்டம், கிளப் பெயரில் வங்கிக் கணக்கு. திட்டம் சுமுகமாக முடிந்தது. உயிரை எடுத்தது வங்கிதான்.

பதிவுச் சான்றிதழ், சட்டவிதி, கூட்டக் குறிப்பு எல்லாம் நீட்டினேன். “ஆர்ஓஎஸ் கடிதம் எங்க அண்ணே?” என்றார் முகப்பில் இருந்த தங்கச்சி. ஆர்ஓஎஸ் என்றால் சங்கப் பதிவகம். விளையாட்டுக் கிளப்பைப் பதிவு செய்வது விளையாட்டு ஆணையரிடம், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ். ஆர்ஓஎஸ்ஸில் அல்ல. சொன்னேன். “சிஸ்டத்துல அந்தப் பிரிவே இல்லையே.” மேலதிகாரி வந்து பார்த்த பிறகுதான் அது இருந்தது.

அடுத்தது பெயர். குறிப்பில் பொருளாளர் பெயர் இனிஷியலோடு. மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், ஏ/எல் (இன்னாரின் மகன்) போட்டு அப்பா பெயர் முழுசாக. இரண்டும் நான்தான் என்று அந்த மனிதரே எதிரில் உட்கார்ந்து சொல்லியும் செல்லாதாம். மறுபடி செயலவைக் கூட்டம், மறுபடி குறிப்பு, மறுபடி பார்க்கிங் காசு.

கணக்குத் திறக்கப் போகிறவர்கள் கூட்டத் தீர்மானத்திலேயே வங்கிக் கிளை, கையொப்பமிடுவோர், மைகார்டில் உள்ளபடி பெயர், எண் எல்லாம் எழுதிவிடுங்கள். கையொப்பமிடும் அத்தனை பேரையும் ஒன்றாக இழுத்துப் போங்கள். கிளப் ரப்பர் முத்திரை பையில் இருக்கட்டும்.

திட்டத்தைப் பற்றி ஒன்று. நிறுவனத்தில் படித்தவர் லட்சியம், நோக்கம் பக்கங்களைத் தொடவே இல்லை. நேராக மாதவாரி பணவரவுத் தாளுக்குப் போய், “நவம்பர்ல ஏன் இப்படி விழுது?” என்றார். மழையில் பயிற்சி ரத்து, வராத பிள்ளைக்குப் பெற்றோர் சந்தா கட்டமாட்டார்கள், திடல் வாடகையோ முன்பணமாகவே போயிருக்கும். ஆண்டு மொத்தத்தை மட்டும் காட்டியிருந்தால் எல்லாம் லாபமாகத் தெரிந்திருக்கும், அவரும் நம்பியிருக்கமாட்டார். இரண்டாம் ஆண்டு தாங்கள் விலகினால் என்ன ஆகும் என்றும் கேட்டார். வெளியூர்ப் போட்டி, புது ஜெர்சி நிற்கும். திடலும் பயிற்றுநர் படியும் சந்தாவிலேயே ஓடும் என்று தனிப்பக்கம் போட்டிருந்தோம். அங்கேதான் முகம் மலர்ந்தது.

தரும் பணத்துக்கு வரிக்கழிவு உண்டா என்று நிறுவனம் கேட்டால் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிளப் பதிவாகிவிட்டது என்பதற்காக மட்டும் அது கிடைத்துவிடாது. அதற்கு வருமான வரிச் சட்டம் 44(11பி) பிரிவின் கீழ் பெறும் அங்கீகாரம் தனி.

கணக்கு ஒருவழியாகத் திறந்தாயிற்று. பழைய செயலாளர் கணக்குக்குச் சந்தா அனுப்பாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் கத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் அங்கேதான் அனுப்புகிறார்கள்.