மூன்று பயிற்சியாளர்கள், ஒரே எட்டாம் இடம்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அருகில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். மாம்பழ மண்டி வைத்திருக்கும் அண்ணன், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பாய், ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்டு வேலைக்குப் போய்வரும் தம்பி, கிரானைட் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதும் நான். கிரிக்கெட்டும் கபடியும் கைப்பந்தும் கோலோச்சும் இந்த ஊரில் சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணிக்கு ரசிகர்களாக இத்தனை பேராவது இருக்கிறோமே என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதிலும் ஒரு சங்கடம். சென்னை எங்களுக்கு 250 கிலோமீட்டர். எதிரியான பெங்களூரு எஃப்சியின் கண்டீரவா மைதானமோ 90 கிலோமீட்டர்தான். தம்பியோடு வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பெங்களூரு பக்கம். இரண்டு அணிக்கும் நீலமே நிறம் என்பதால், அவன் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு போனால்கூட, அருகில் வந்து சின்னத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சென்ற ஞாயிறன்று நடந்த வாக்குவாதத்தைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன். கடைத் தொலைக்காட்சியில், கொல்கத்தாவுக்கு வந்த மெஸ்ஸி சிறிது நேரத்திலேயே மைதானத்தை விட்டுப் போய்விட, பணம் கட்டி வந்திருந்த கூட்டம் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்த காட்சி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன், “நம்ம கோச் தேறுவாரா, மாட்டாரா? அதைச் சொல்லுங்க முதல்ல” என்று தொடங்கினார்.

இதை எழுதும் 2025 டிசம்பர் நடுப்பகுதி வரை எங்கள் அணி ஆடும் கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக் இந்த ஆண்டு தொடங்கவே இல்லை. இந்த ஆண்டு பொறுப்பேற்ற கிளிஃபோர்டு மிராண்டா எங்கள் அணியை இன்னும் ஒரு லீக் ஆட்டத்தில்கூட வழிநடத்தியதில்லை. சூப்பர் கோப்பையில் அணி குழுச் சுற்றோடு வெளியேறியது மட்டுமே அவர் கணக்கில் இருக்கிறது. ஆடாத லீக்கின் பயிற்சியாளரைப் பற்றி நாங்கள் ஒன்றரை மணி நேரம் சண்டையிட்டோம்.

அண்ணனின் கட்சி, வெளிநாட்டுக்காரர்தான் வேண்டும் என்பது. அவர் பேச்சில் 2018 மார்ச் 17 வராமல் இருக்காது. அன்று பெங்களூருவுக்கு எதிரான லீக் இறுதிப் போட்டி கண்டீரவாவில் நடந்தது. எங்களுக்கு வீட்டுக்கு அருகில் இருந்தது எதிரியின் மைதானம் என்பதால் போய்விட்டோம். சென்னையில் நடந்திருந்தால் நிச்சயம் போயிருக்க மாட்டோம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் அடித்தபோது எங்களைச் சுற்றி எழுந்த சத்தத்தில் பாயின் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் கீழே விழுந்து, முன்வரிசைக்காரரின் காலடியில் சிதறியது நினைவிருக்கிறது. பிறகு கிரெகரி நெல்சன் எடுத்த இரண்டு கார்னர்களை மைல்சன் ஆல்வெஸ் இரண்டு முறையும் தலையால் உள்ளே அனுப்பினார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதை அடித்தார். கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பி அடித்தும், 3-2 என்று கோப்பை எங்களுடையதானது. வாயைத் திறந்து கத்த முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்ததால், பாய் என் தொடையைக் கிள்ளியே தன் மகிழ்ச்சியைத் தெரிவித்தார். மடிவாளாவில் நின்று சேலம் பேருந்தைப் பிடித்து ஊர் வந்து சேரும்போது இரவு இரண்டு மணி.

அந்தக் கோப்பையை வென்று தந்தவர் ஜான் கிரெகரி, முன்பு இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 2015இல் கோவாவை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வீழ்த்தி முதல் கோப்பையைத் தந்தவர் இத்தாலியின் மார்கோ மட்டராஸி. ஆகவே இரண்டு கோப்பை, இரண்டும் வெளிநாட்டார் கொண்டுவந்தவை என்பது அண்ணனின் வாதம். கணக்கு சரிதான். ஆனால் அதே கிரெகரியின் கீழ், பெரும்பாலும் அதே வீரர்களோடு, அடுத்த பருவத்தில் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் நின்றது. மார்ச் மாதம் அறிவாளியாக இருந்தவர் அடுத்த மார்ச்சுக்குள் அறிவிழந்துவிட்டாரா என்று தம்பி கேட்டதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. இன்னொரு வடை சொன்னார்.

கணக்கு எழுதுகிறவனுக்குப் பேரேடு புரட்டும் பழக்கம் போகாது. 2019 நவம்பரில் கிரெகரி விலகினார். ஓவன் காயில் வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். கொரோனா அச்சத்தில் பார்வையாளர் இல்லாமல் கோவாவில் நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தா அணியான ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கான ஷீல்டை வென்றார். இங்கேயோ 2020-21இல் சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். 2021-22இல் போஜிதார் பாண்டோவிச், நடுவில் அவரை அனுப்பிவிட்டு மீதி ஆட்டங்களுக்கு சையத் சபீர் பாஷா, எட்டாம் இடம். 2022-23இல் தாமஸ் பிர்டாரிச், எட்டாம் இடம். ஹங்கேரிப் பின்னணி, மாண்டினீக்ரோக்காரர், ஜெர்மானியர் என்று மூன்று பருவங்களில் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள், மூன்று வகை ஆட்டமுறை. பட்டியலில் இடம் மட்டும் அசையவில்லை. பிறகு 2023இல் காயில் திரும்பி வந்தார். பாயின் உச்சரிப்பில் அவர் எப்போதும் ‘கோயில்’தான்; “கோயில் திரும்ப வந்துடுச்சுப்பா” என்று அவர் சொன்ன அன்று கடைக்காரர் எந்தக் கோயில் என்று விசாரித்தார். முதல் ஆண்டு ஆறாம் இடத்துடன் பிளே-ஆஃபுக்குப் போனோம், அடுத்த ஆண்டு பதினொன்றாம் இடம்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் முக்கியமே இல்லை என்று சொன்னால் அது மடமை. காயில் முதல் முறை வந்தபோது அதே வீரர்கள் வேறு ஆட்களைப் போல ஓடியதைக் கண்ணால் பார்த்தோம். என் வருத்தம் வேறு. ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தது அவர் போனதும் அவரோடு போய்விடுகிறது. அடுத்தவர் தன் உதவியாளர்களையும் தனக்குத் தெரிந்த வெளிநாட்டு வீரர்களையும் கூட்டிவந்து முதலிலிருந்து தொடங்குகிறார். இத்தனைக்கும் நடுவில் கழகத்தின் நினைவாக ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் பாஷாவைக் காட்டுவேன். முன்னாள் இந்திய வீரர், தமிழ்நாட்டுக் கால்பந்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். பல தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போனபோது துணையாக இருந்தவர். அவரைப் போன்றோரை ஆபத்துக் காலத்தில் சில வாரங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மீண்டும் பின்வரிசைக்கு அனுப்பினோம். வழக்கமாக அதிகம் பேசாத பாய் இதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்துவார். பள்ளியில் முப்பது ஆண்டு பையன்களை ஓடவிட்டவரின் குரல் அது.

மிராண்டாவைப் பற்றித் தம்பிக்கு நம்பிக்கை அதிகம். அவன் சொல்லும் காரணங்கள் வெறும் பாசம் அல்ல. 2020இல் கோவா அணி லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கியபோது கடைசி ஆட்டங்களில் பொறுப்பில் இருந்தவர் இவர். 2023 ஏப்ரலில் ஒடிசா கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று தோற்கடித்து சூப்பர் கோப்பையை வென்றபோதும் பயிற்சியாளர் இவரே. இரண்டு முறையும் இடைக்காலப் பொறுப்பு. வேறொருவர் விட்டுச் சென்ற இடத்தில் நின்று வென்றவை. சொந்தமாக ஓர் அணியைக் கட்டிய அனுபவம் அவருக்கு இனிமேல்தான் வரவேண்டும் என்ற அண்ணனின் ஐயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன்.

பேச்சு இங்கே வந்தபோதுதான் அண்ணன் தன்னையறியாமல் எங்கள் பக்கம் ஒரு சாட்சியைக் கொடுத்தார். அவருக்கு காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு உண்டு. ஒட்டு மாங்கன்று நட்டால் இரண்டாம் ஆண்டே பூ வந்துவிடும். ஆனால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அந்தப் பூவைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளை தேறாது என்றார். “அப்போ கோச்சுக்கும் மூணு வருசம் குடுங்கண்ணே” என்றான் தம்பி. அண்ணன் சிரித்துவிட்டு, “தோட்டக்காரன் கிள்ளுவான்டா. குத்தகைக்காரன் கிள்ளுவானா?” என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எனக்குத் தேநீர் ஆறியது தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் மாந்தோப்பைப் பூப்பருவத்திலேயே குத்தகைக்கு விடுவது வழக்கம். எடுத்தவர் அந்த ஒரு காய்ப்பில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அடுத்த ஆண்டு மரம் எப்படி நிற்கும் என்பது அவர் கவலை அல்ல, அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஓராண்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வரும் பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பையனை ஆடவிட்டு மூன்று ஆட்டம் தோற்கத் துணிவாரா? முப்பத்துமூன்று வயது பிரேசில்காரரைத்தான் ஆடவிடுவார். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 பருவம் வரை கடைசி இடத்துக்கு வந்தவர் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதில்லை. 9 புள்ளிகளோடு கடைசியில் நின்ற நாங்கள் அடுத்த ஆண்டு அதே லீக்கில் இறுதிப் போட்டி ஆடினோம். தோற்றாலும் தலை போகாத ஓர் அமைப்பில் பையன்களை வளர்க்கப் பொறுமை காட்டுவதுதான் எளிது. ஆனால் பெரும்பாலான கழகங்கள் நாளையே தலை போகும் அவசரத்தில் ஆட்களை மாற்றுகின்றன.

பையன்கள் இல்லாமலும் இல்லை. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலால், அதன் கொல்கத்தாப் பரம எதிரியான ஈஸ்ட் பெங்கால் பல ஆண்டுத் தோல்வித் தொடரை முறித்தது. கொல்கத்தாவில் ஒரு பாதி ஊர் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. எங்கள் ஊர்ப்பிள்ளை எங்கள் சட்டையில் அந்தக் கோலை அடிக்கவில்லையே என்று அன்று இரவு நானும் தம்பியும் கைப்பேசியில் புலம்பித் தீர்த்தோம். பள்ளத்தாக்குகளிலும் மலைகளிலும் வீரர்களைத் தேடும் கழகம், வடசென்னையில் கால்பந்து வேரூன்றிய வியாசர்பாடியையாவது விட்டுவிடாமல் பார்க்கிறது என்று வைத்துக்கொண்டாலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எட்டிப் பார்த்ததாக பாய்க்கு நினைவில்லை. அவர் பள்ளியில் ஆடிய நல்ல இடதுகால் பையன் ஒருவன் இப்போது ஓசூரில் தம்பியின் தொழிற்சாலையிலேயே ஷிப்டு பார்க்கிறான்.

நீண்ட நாள் எதிர்காலம் என்று பேசும்போது எனக்கு அச்சமூட்டுவது வேறொரு பெயர். 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் பட்டம் பெற்ற சென்னை சிட்டி எஃப்சியைச் சொல்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். மேலே சொன்ன நந்தகுமாரும் அந்த அணியில் ஆடியவர்தான். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. நல்ல பயிற்சியாளர், பட்டம், ஐரோப்பியக் கூட்டாளி என்று எல்லாம் இருந்தும், அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்த அணி இருந்த இடம் தெரியாமல் போனது. நவாஸ் நல்லவரா, அவருக்கு அடுத்து வந்தவர் நல்லவரா என்று அன்று வாதாடிய கோவை ரசிகர்கள் இன்று எந்த அணிக்காக வாதாடுகிறார்கள்?

எங்கள் நிலைமையும் இப்போது அவ்வளவு பாதுகாப்பானது அல்ல. லீக்கை நடத்தி வந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையே 2010இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்துவிட்டது. அதைப் புதுப்பிப்பது நிச்சயமில்லை என்றதும் ஜூலையிலேயே பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி தன் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சியும் தன் பணிகளை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு வணிக உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. பெங்களூருக்காரர்களைக் கேலி செய்ய நல்ல வாய்ப்பு என்று தம்பியிடம் சொன்னேன். அவன், “வேணாம்ணே, கேன்டீன்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உட்கார்ந்து சாப்பிடறோம்” என்றான்.

ஆகையால் மிராண்டாவைப் பற்றிய என் கருத்தைக் கேட்டபோது, அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு ஒப்பந்தம் எழுதியவர்களைக் கேளுங்கள் என்றேன். கழகம் மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும் என்று உரிமையாளர்கள் சொல்லட்டும். பிறகு பயிற்சியாளருக்கு மூன்று ஆண்டுகள் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். அண்ணனுக்கு இது நழுவல் பதிலாகப் பட்டது. “நீ கணக்குப்பிள்ளை, அப்படித்தான் பேசுவே” என்று சொல்லிவிட்டு, வடைக்கான காசையும் சேர்த்து என் கணக்கில் எழுதச் சொன்னார்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு பாய் தன் பணப்பையைத் திறந்து, 2018 இறுதிப் போட்டியின் நுழைவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். மடித்த இடத்தில் கிழிந்து, அச்சு மங்கி, இருக்கை எண் மட்டும் தெரிகிறது. லீக் எப்போது தொடங்கினாலும், கண்டீரவாவில் நம் ஆட்டத்துக்கு நான்கு சீட்டு எடுத்துவிடு என்று தம்பியிடம் சொன்னார். கோச் யாராக இருந்தாலும் சரியா பாய் என்று அவன் கேட்டதற்கு, சீட்டைப் பழையபடி மடித்து உள்ளே வைத்துக்கொண்டே, “இந்தத் தடவை வேர்க்கடலை நீ வாங்கணும்” என்றார்.