பாட்டெழுதியவர் பார்க்காத படம்

ஆகஸ்ட் 2

அக்கா பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ பார்த்தேன். 1991-இல் வந்த டிஸ்னி கார்ட்டூன்தான். 2017-இல் நடிகர்களை வைத்து எடுத்தது இல்லை. சின்ன வயதில் வீடியோ கேசட் தேயத் தேயப் பார்த்த படம். அப்போது ஆங்கில வசனம் பாதிகூடப் புரியாது. ஆனால் கதை முழுக்கப் புரிந்தது. எப்படி என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது: கதையைச் சொல்வதே பாட்டுகள்தான்.

முதல் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். நாயகி பெல் கூடையோடு ஊருக்குள் நடக்கிறாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன, ரொட்டிக்காரர் தட்டோடு வருகிறார், ஊரே அவளைப் பற்றிப் பாடுகிறது. அவளோ நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து, புத்தகத்தில் தனக்குப் பிடித்த இடத்தை ஆடுகளுக்குக் காட்டுகிறாள். ஓர் ஆடு பக்கத்தின் ஓரத்தைக் கடித்துத் தின்கிறது. காஸ்டன் வந்து, இவளைத்தான் கட்டுவேன் என்று முடிவே செய்துவிடுகிறான். சில நிமிஷத்துக்குள் நாயகி, வில்லன், ஊர், அவளுடைய தனிமை எல்லாம் வந்துவிட்டன. ஊரில் நீல உடை அவளுக்கு மட்டும்தான் என்பதையும் இந்தத் தடவைதான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 3

பாட்டெழுதியவர் ஹோவர்ட் ஆஷ்மன். இசை ஆலன் மென்கன். இருவரும் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ என்ற கடற்கன்னிப் படத்தை முடித்த கையோடு இதற்கு வந்தவர்கள். இந்தப் படம் முதலில் பாட்டே இல்லாத, இருண்ட கதையாகத்தான் தொடங்கப்பட்டிருக்கிறது. 1989-இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். சாபத்தால் மிருகமான இளவரசனின் கோட்டையில் இருக்கும் மெழுகுவர்த்தித் தண்டுக்கும் கடிகாரத்துக்கும் தேநீர்க் குடுவைக்கும் ஆளுக்கொரு குணம் கொடுக்கலாம் என்றது ஆஷ்மன்தான். 1756-இல் போமோன் அம்மையார் பிரெஞ்சில் எழுதிய மூலக்கதையில் இந்தப் பட்டாளம் கிடையாது. காஸ்டனும் கிடையாது, பொறாமை பிடித்த இரண்டு அக்காக்கள்தான்.

அப்போதே ஆஷ்மனுக்கு எய்ட்ஸ். பயணம் செய்ய முடியாத நிலை. கலிபோர்னியாவிலிருந்து படக்குழு கிளம்பி, நியூயார்க் மாநிலத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஃபிஷ்கில்லில் ஓர் ஓட்டலில் தங்கி வேலை பார்த்தது. கோட்டைச் சாமான்கள் விருந்து வைத்துப் பாடும் அவ்வளவு துள்ளலான பாட்டு அந்த நாட்களில் எழுதப்பட்டது என்பதை மனசு ஏற்கவே நேரமாகிறது. அந்தப் பாட்டு முதலில் பெல்லின் அப்பாவைப் பார்த்துப் பாடுவதாக இருந்தது. கதை பெல்லுடையது, அவளுக்குத்தானே பாட வேண்டும் என்று பிறகு மாற்றினார்கள். சரியான முடிவு.

ஆகஸ்ட் 5

இன்று ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். காலைச் சாப்பாடு. மிருகம் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்து வழித்துத் தின்கிறது. பெல் திகைத்துப் போகிறாள். கஞ்சி ஒழுகும் முகத்தோடு, அந்தப் பெரிய கையில் கரண்டியைப் பிடிக்கத் தடுமாறுகிறது. அவள் சிரிக்கவில்லை. பாடம் எடுக்கவும் இல்லை. தன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தை இரு கையாலும் தூக்குகிறாள். அதுவும் தூக்குகிறது. இருவரும் கிண்ணத்திலிருந்தே குடிக்கிறார்கள். இருவரும் ஆளுக்குப் பாதி தூரம் வந்தாயிற்று. காதல் பிறப்பதை இதைவிட நன்றாகச் சொன்ன காட்சி எனக்கு ஞாபகம் வரவில்லை.

மிருகத்தை வரைந்தவர் கிளென் கீன். காட்டெருமைத் தலை, சிங்கப் பிடரி, காட்டுப்பன்றிக் கோரைப்பல், ஓநாய்க் கால்கள். ஆனால் அந்தக் காட்சியில் எனக்குத் தெரிந்தது கண்கள் மட்டும்தான்.

ஆகஸ்ட் 6

ஊர்க்கூட்டம் தீப்பந்தத்தோடு கோட்டைக்குக் கிளம்பும் பாட்டு. மாயக்கண்ணாடியில் மிருகத்தைக் காட்டி, உங்கள் பிள்ளைகளைத் தூக்கிப் போய்விடும் என்று காஸ்டன் கிளப்பிவிடுகிறான். அதுவரை அதைக் கண்ணால்கூடப் பார்த்திராத கூட்டம், நாலு வரிக்குள் கொலைவெறியோடு நிற்கிறது. எண்பதுகளில் எய்ட்ஸ் நோயாளிகளைக் கண்டு அமெரிக்கா எப்படி மிரண்டு ஒதுங்கியது என்று தெரிந்தபின், இதை வெறும் வில்லன் பாட்டாக என்னால் கேட்க முடியவில்லை.

ஆகஸ்ட் 9

நடன மண்டபம். கணினியில் உருவாக்கிய மண்டபத்தில் கையால் வரைந்த ஜோடி சுழல்கிறது. அங்கே வரும் தலைப்புப் பாட்டைத் தன்னால் பாட முடியுமா என்று, தேநீர்க் குடுவைக்குக் குரல் கொடுத்த ஏஞ்சலா லான்ஸ்பரி தயங்கினாராம். ஒரே டேக்கில் பாடி முடித்தார். படத்தில் இருப்பது அதுதான். ஆர்ப்பாட்டமே இல்லை. ஒரு அம்மா பிள்ளைக்குப் பாடுவது போலத்தான் இருக்கிறது, அதனால்தான் உருக்குகிறது.

ஆகஸ்ட் 10

1991 மார்ச் 14-இல் ஆஷ்மன் போய்விட்டார். நாற்பது வயது. படம் வெளியானது நவம்பரில். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டியில் இடம்பிடித்த முதல் அனிமேஷன் படம். தலைப்புப் பாட்டுக்குக் கிடைத்த விருதை அவருடைய துணைவர் பில் லாச் மேடையேறி வாங்கிக்கொண்டார். படம் முடிந்ததும் திரையில் வரும் அஞ்சலி வரிகளில், கடற்கன்னிக்குக் குரலும் மிருகத்துக்கு ஆன்மாவும் தந்தவர் என்று நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் அதுவரை யார் பார்த்தோம், பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே டிவியை நிறுத்திவிடுவோம்.

அடுத்த வாரம் ‘அலாதீன்’. அதிலும் அவர் எழுதி வைத்துவிட்டுப் போன மூன்று பாட்டுகள் இருக்கின்றன. மீதியை டிம் ரைஸ் எழுதினார். பூதம் அறிமுகமாகும் பாட்டு ஆஷ்மனுடையது. அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும்.